அணுக்கருவும் ஐந்தாவது ஆளும்

பௌதிகம் படிப்பித்தவனுக்கு ஓய்வூதியம் கிடைத்தாலும் அவன் வாய்க்கு ஓய்வு கிடைப்பதில்லை. என் வாய் என் மகளின் கலியாணத்தையே குழப்பியது.

லண்டனில், மிச்சம் என்ற பகுதியிலுள்ள எங்கள் வீட்டுக்குப் பிளேஸ்டோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மகள் துளசியும் அந்தப் பையனும் ஏற்கெனவே விரும்பியவர்கள். அவன் தாயின் சம்மதம் மட்டுமே பாக்கி. கலியாணத்துக்குப் பிறகு துளசி அவர்களுடன் இருப்பதாகப் பேச்சு. தாய், தகப்பன், மகன், மகள் என நால்வரும் ஒரே சோபாவில் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. (அப்படியே விட்டிருக்கலாம். விட்டேனா?)

“உங்களைப் பார்க்க ஈலியம் ஞாபகம் வருது” என்றேன்.

கேட்காமலே விளக்கினேன். அணுக்கருவுக்குள் புரோத்தன்கள் தனியாகவும் நியூத்திரன்கள் தனியாகவும் அடுக்கடுக்காக நிரம்புகின்றன. ஓர் அடுக்கு முழுதாக நிரம்பினால் கரு மிக உறுதியாகிவிடும். இரண்டு, எட்டு, இருபது என்று வரும் அந்த எண்களுக்கு மாய எண்கள் என்று பெயர். ஈலியம் என்ற வாயுவின் கருவில் இரண்டு வகையிலும் இரண்டிரண்டு.

“நீங்கள் ரெண்டு ஆம்பிளை, ரெண்டு பொம்பிளை. ரெண்டு பக்கமும் நிரம்பிட்டுது. உங்களை ஆரும் பிரிக்க ஏலாது!”

தாயின் முகம் மலர்ந்தது. “அப்ப மாஸ்டர், அஞ்சாவதா ஒண்டு வந்து சேர்ந்தால்?”

“நிக்காது! சேர்ந்த கையோட துப்பிப்போடும். அஞ்சு துணிக்கையோட உறுதியான கரு உலகத்திலேயே இல்லை.”

அந்த நேரம் பார்த்துத் துளசி ரோல்ஸ் தட்டுடன் வந்தாள். தாய் அவளைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார்.

“நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்.”

ரோல்ஸை ஒருவரும் தொடவில்லை.

“போன் எடுத்து மன்னிப்புக் கேளுங்கோ. அணுவைப் பற்றி மூச்சும் விடக்கூடாது” என்றாள் மனைவி.

மன்னிப்புத்தான் கேட்டேன். கூடவே, ஆறுதலுக்காக, “பயப்பிடாதேங்கோ தங்கச்சி, அஞ்சுதான் உடையும். ஆறாவதும் வந்திட்டால் நிக்கும். அது இலிதியக் கரு!” என்றேன்.

மறுமுனையில் மாப்பிள்ளையின் தாய் குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப ஆறாவது இப்பவே வயித்தில இருக்கோ?”

மனைவி பிளேஸ்டோவுக்கே போய்ச் சத்தியம் செய்தாள். இருந்தும் கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. காரணத்தை அவர்கள் சொல்லவில்லை. துளசியின் வயிற்றில் அடிக்கடி விழுந்த பார்வை சொன்னது. அந்த வருடம் முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது நியாயமே.

பேத்தியின் முதல் பிறந்தநாளில் சம்பந்தியம்மா எல்லோர் முன்னிலும் கேட்டார்: “மாஸ்டர், இப்ப நாங்கள் ஆறு பேர். நிப்பமோ?”

வீடே சிரித்தது. ஆறைவிட ஏழு இன்னும் உறுதியானது என்று சொல்ல வாய் திறந்தேன். துளசி கேக்கை வெட்டி அந்த வாய்க்குள் திணித்துவிட்டாள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் யாருடைய பிறந்தநாளானாலும் முதல் துண்டு எனக்குத்தான்.