குடல்நாட்டில் புகை மூட்டிய கதை

வெளிச்சமும் காற்றும் இல்லாத ஒரு நாடு இருந்தது. அதற்குக் குடல்நாடு என்று பெயர். அரசரை யாரும் பார்த்ததில்லை. அவர் மதிலுக்கு அப்பால் இருந்தார். அவருடைய ஆணைகளை அமைச்சர் அழற்கோன் மதில்மேல் நின்று வாசிப்பார்.

நாட்டின் குடிகள் நுண்ணுயிர்கள். மேலிருந்து வரும் நார்களையும் சக்கையையும் புளிக்க வைப்பது அவர்களுடைய தொழில். அந்தப் புளிப்பைக் குடித்துத்தான் மதில் உறுதியாக நின்றது. மதிலும் பதிலுக்குக் காற்றை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டது. காற்று பட்டால் குடிகள் செத்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்பது அமைச்சருக்கும் தெரியாது, குடிகளுக்கும் தெரியாது.

ஒருநாள் வேகாத முட்டையோடு சால்மர் என்ற அந்நியர்கள் வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் வழியிலிருந்த அமில ஏரியிலேயே மடிந்துவிட்டார்கள். தப்பியவர்கள் சிலர்தான். அவர்களுக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கவில்லை. புளிப்பு நெடி தாங்காமல் ஓரமாகச் சுருண்டு கிடந்தார்கள்.

புளிப்புக்காரி நொச்சியாள் தன் தம்பி கொற்றனிடம் கேட்டாள்: "இவங்கள என்னடா பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. பசி பொறுக்காம தானா போயிடுவாங்க."

ஆனால் சால்மரில் சிலர் எழுந்துபோய் மதிலில் முட்டினார்கள். அழற்கோன் நடுங்கிவிட்டார். நாடெங்கும் காற்றைத் திறந்துவிட்டுத் தீ மூட்டுமாறு அன்றே ஆணை பிறந்தது.

நொச்சியாள் மதிலடிக்கு ஓடினாள்.

"ஐயா, காத்து பட்டா நாங்க செத்துருவோமுங்க!"

"அச்சம் தேவையில்லை, தாயே," என்றார் அழற்கோன். "இப்புகை அந்நியரை மட்டுமே தேடிச் சென்று கொல்லும் என்று நிபுணர் குழு உறுதியளித்துள்ளது."

புகை வந்தது. மதிலில் முட்டியவர்கள் கருகினார்கள். கொற்றனும் கருகினான். புகை எட்டாத ஒரு சக்கைக் குவியலின் மறைவில் நொச்சியாள் அவனை மடியில் கிடத்தியபடி பார்த்தபோது, ஓரத்தில் சுருண்டு கிடந்த சால்மர்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. அவர்கள் அந்தப் புகையை ஆழமாக இழுத்து மூச்சு விட்டார்கள். கன்னம் உப்பினார்கள். பெருகினார்கள்.

"அந்நியர் பெருகிவிட்டனர். ஆகவே தீ போதவில்லை என்பது நிரூபணமாகிறது," என்றார் அழற்கோன். தீயைக் கூட்டினார்கள்.

அடுத்து விழுங்குகாவலர் படை இறங்கியது. அகப்பட்ட சால்மரை அப்படியே விழுங்க வேண்டும் என்பது கட்டளை. விழுங்கினார்கள். விழுங்கப்பட்டவர்களில் பலர் காவலரின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தி, பிள்ளைகுட்டி பெற்று, காவலரின் காலாலேயே உள்நகரங்களுக்குப் பயணம் போனார்கள். அணிவகுப்பைப் பார்வையிட்ட அமைச்சர், படைவீரர்கள் புஷ்டியாக இருப்பதாகப் பாராட்டினார்.

அதற்குப் பிறகு வெள்ளம். மதகுகளைத் திறந்து நாட்டையே கழுவிவிடச் சொன்னார்கள். நொச்சியாளின் தெருவையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அவள் மட்டும் ஒரு முட்டுச்சந்துக்குள் ஒதுங்கினாள். எதற்கும் பயன்படாதது என்று அரசு எப்போதோ கைவிட்ட சந்து அது. அங்கே ஏற்கெனவே ஒரு சால்மன் ஒண்டியிருந்தான். துரும்பன் என்று பேர் சொன்னான்.

"எங்கள ஏன்யா எரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நாங்களா? எங்க கையில நெருப்பே கிடையாதேம்மா. எங்காளுங்க சில பேரு போயி மதில்ல முட்டிச் சாவாங்க. மிச்சத்த உங்க அமைச்சரே பாத்துக்குவாரு."

"புகை உங்கள ஒண்ணும் பண்ணலியே?"

"எங்க முன்னோருங்கள்ல நெறைய பேரு புகையில செத்துருக்காங்க. சாகாம நின்னவங்களோட வம்சம் நாங்க."

"அப்ப தீ வைக்காம விட்டிருந்தா?"

துரும்பன் யோசித்தான். "பசியில செத்திருப்போம். இல்ல, மதில ஒடைச்சுக்கிட்டு உள்ள போயிருப்போம். தெரியல. முட்டப் போனவங்கள்ல எங்க அண்ணனும் ஒருத்தன். எதுக்குப் போறோம்னு அவனுக்கும் தெரியாது. போன்னாங்க, போனான்."

நொச்சியாள் சற்று நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கும் இடம் விட்டாள்.

வெள்ளம் வடிந்ததும் வெற்றி விழா அறிவிக்கப்பட்டது. அதோடு குடியுரிமைத் தேர்வும். புகைக்குள் நின்று தடையின்றி மூச்சு விடுபவரே மண்ணின் மைந்தர் என்பது விதி. இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

துரும்பன் மூச்சு விட்டான். "வாழ்க!" என்று அதிகாரி அவன் நெற்றியில் முத்திரை குத்தினார்.

நொச்சியாள் இருமிக்கொண்டே விழுந்தாள்.

"எந்த ஊர்?"

"இதே ஊருதானுங்க. எங்க பாட்டி, பூட்டி எல்லாருமே…"

"சொந்த நாட்டின் காற்றே ஒவ்வாத ஒருவர் எவ்வாறு இந்நாட்டவர் ஆவார்?" என்று அதிகாரி உண்மையான வியப்போடு கேட்டார். காவலர் இருவர் அவளைத் தூக்கி, நாட்டின் கழிவெல்லாம் வெளியேறும் கடைவாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

துரும்பன் முன்னே வந்தான். "ஐயா, அந்தம்மா…"

"எந்த அம்மா?" என்றார் அதிகாரி. "தாங்கள் இப்போது குடிமகன். அந்நியரைப் பற்றிக் குடிமக்கள் விசாரிப்பதில்லை."

துரும்பன் சுற்றிலும் பார்த்தான். முத்திரை குத்திய நெற்றிகள் எல்லாம் தன் சாதிசனமாகவே தெரிந்தன. மேலே அழற்கோன், நாட்டில் இனி ஓர் அந்நியர்கூட இல்லை என்று வாசித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவனும் தட்டினான்.