பீலிக்கரைக்கு ஒரு மொடரேட்டர்

பெரிய குழப்பங்களை உண்டாக்க ஒழுங்கானவர்களால்தான் முடியும். நான் மிகவும் ஒழுங்கானவள்.

இரண்டாயிரங்களின் நடுவில், எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் தலவாக்கலைக்குப் போய் கணினி டிப்ளோமா படித்தேன். படித்ததைக் குடும்பத்தின் மேல் சோதிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செல்வி அக்காவுக்கு வரன் வந்ததும், கொழும்பில் இருந்த அண்ணனும் கண்டியில் இருந்த சித்தப்பாவும் கலந்து பேச ஓர் இணைய ஃபோரம் அமைத்தேன். மண்டபம், சாப்பாடு, சேலை, பயணம் என்று தனித்தனிப் பகுதிகள். (சேலைக்குள் உட்பிரிவுகளும் உண்டு. சிரிக்காதீர்கள்.)

அவர்களுக்கோ குழு அரட்டைதான் பிடித்திருந்தது. அண்ணன் மாப்பிள்ளையைப் பற்றி எழுதும்போதே சித்தப்பா கிரிக்கெட் ஸ்கோர் கேட்பார். பதில் வருவதற்குள் கேள்வி மேலே ஓடிவிடும்.

"ஃபோரம்னா தோட்டத்து ஒபிஸ் நோட்டீஸ் பலகை மாதிரி. போட்டது போட்ட எடத்துல இருக்கும். அரட்டை நம்ம பீலிக்கரை மாதிரி. தண்ணி புடிக்க வந்தவங்க எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க" என்று வகுப்பெடுத்தேன்.

ஒரு ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்திய ஞாயிறு, நெட் கபேயில் இருந்தபோது அரட்டையில் அண்ணன் வந்தார்.

"தங்கச்சி, மாப்பிள்ள வீட்டாளுங்க வர்றது பத்தி ஒரு விசயம்..."

"இங்க வேணாம்ணே. ஃபோரத்துல 'பயணம்' பகுதியில போடுங்க."

"ஒரே வரிதான்டி!"

"ஒரு வரின்னாலும் ஒழுங்கா போடணும்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கம்பீரமாக எழுந்து வந்தேன். எங்கள் தோட்டத்தில் அப்போது கைப்பேசிக்குச் சிக்னல் கிடையாது; இணையம் பார்க்க அடுத்த ஞாயிறு தலவாக்கலைக்குத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை நான் பெஞ்சு மேல் ஏறி நின்று வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அக்கா பீலிக்கரையில் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு வேன் வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அம்மா. முன்பு பெண் பார்க்கப் போன வீட்டில் தேத்தண்ணி ஆறியிருந்தது என்பதற்காகவே ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்றவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்க வர்றது தெரியாதுங்களா?"

"நாளைக்குத்தானேங்க..." என்றேன். மூக்கில் சுண்ணாம்பு வழிந்தது.

பின்னால் இறங்கிய அண்ணன் வெடித்தார். "சனிக்கிழமைக்கு மாத்திட்டாங்கன்னு நீ சொன்ன எடத்துலயே போட்டேனே! 'மொடரேட்டரின் அனுமதிக்குக் காத்திருக்கிறது'ன்னு வந்துச்சு. யாருடி அந்த மொடரேட்டர்?"

"நான்தான்ணே."

மாப்பிள்ளையின் அம்மா வேன் கதவில் மறுபடி கை வைத்தார். அக்காவின் கல்யாணம் அந்தக் கதவில் தொங்கியது.

அந்த நேரம் பீலிக்கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏய், செல்விய பாக்க வந்துட்டாங்கடி!"

யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அது லயம் லயமாக, அந்த வரிசை வீடுகளைத் தாவி மலை உச்சிக்கு ஏறியது. ஒரு வீட்டிலிருந்து நாற்காலி வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து பிஸ்கட். பக்கத்து வீட்டுப் பட்டுச்சேலையில் அக்கா வந்தாள். கொழுந்துக் கூடையோடு அம்மா ஓடி வந்தார். தேத்தண்ணி, கையைச் சுடும் சூட்டில்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்தார். "ஒரு சத்தத்துக்கு மொத்த லயமும் வந்துருச்சே! இங்க பொண்ணு எடுக்கலாம்."

இன்று எங்கள் குடும்பத்துக்குக் கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. அதில் எல்லோரும் அட்மின், அக்காவின் மாமியார் உட்பட. நான் மட்டும் அட்மின் இல்லை. நான் எதை எழுதினாலும் அத்தானிடமிருந்து முதலில் வருவது ஒரே பதில்தான்: "அனுமதிக்குக் காத்திருக்கிறது."