எனக்குப் புள்ளி விழுந்த சமாச்சாரம்

சேசு மரி சூசை துணை

ராயக்கோட்டை,
28.12.1967

அன்புள்ள மச்சான் இன்னாசிமுத்துவுக்கு, உன் அக்காள் புருஷன் அருள்ஜோசப் எழுதிக்கொள்வது. பெங்களூரில் நீயும் குழந்தைகளும் நலமாயிருக்க சர்வேசுரனை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதக் கை வரவில்லை. எனக்குப் புள்ளி விழுந்துவிட்டது.

எல்லாம் உன்னால் வந்தது. உன் வீட்டில் தங்கி பி.எஸ்ஸி. படிக்கிற என் மகள் அற்புதமேரிக்கு ஞாயிற்றுச் சந்தையில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தாய் அல்லவா, அதை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸேறி கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தாள். முதலில் வெங்காயத்தின் உள்தோலை உரித்து வைத்துக் காட்டினாள். செங்கல் சுவர் மாதிரி அடுக்கடுக்காகக் கட்டங்கள். "இதுங்கதான்பா செல்லு. உசுருள்ளது எல்லாமே இதால கட்டுனதுதான்" என்றாள். சுத்தமான கட்டங்கள், ஒரு குறை சொல்ல முடியாது. அத்தோடு எழுந்து நான் தோட்டத்துக்குப் போயிருக்கலாம். என் கெட்ட நேரம், "என்னையும் பாரும்மா" என்று வாயைத் திறந்தேன். தீக்குச்சியின் பின்பக்கத்தால் கன்னத்தின் உட்புறம் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி, ஏதோ நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு வைத்தாள். பார்த்தேன் மச்சான். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளி!

இருபத்தைந்து வருஷமாகத் தக்காளி போடுகிறேன். இலையில் புள்ளி கண்டால் அந்தச் செடியைப் பிடுங்கி எரிக்கிறவன். ஒன்றிரண்டில் இருந்தால் தப்பிக்கலாம், எல்லாவற்றிலும் இருந்தால் தோட்டமே போச்சு என்று அர்த்தம். எனக்கு எல்லாவற்றிலும் இருக்கிறது. வெங்காயத்துக்கு இல்லாதது எனக்கு இருக்கிறது! கேட்டால் சிரிக்கிறாள். "அது நியூக்ளியஸ்பா. அதுக்குள்ள இருக்கறதுல பாதி உங்க அப்பா குடுத்தது, பாதி உங்க அம்மா குடுத்தது. ஒரு செல்லு ரெண்டாப் பிரியறப்ப அதுவும் ரெண்டாவும்" என்கிறாள். பரவுகிறது என்று அவளே சொல்லிவிட்டாளே! என் அப்பா ஐம்பத்திரண்டு வயசில் களத்து மேட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று நடக்கிறது. இது போதாதென்று, "உங்ககிட்ட இருந்து எனக்கும் பாதி வந்திருக்குது" என்று பெருமையாக வேறு சொல்கிறாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கோயிலுக்கு நடந்தே போய் சாமியாரிடம், சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கேட்டேன். "ரெண்டு மைல் நடந்து வந்து கேக்கறவனுக்கு அதெல்லாம் குடுக்கறதில்ல, போய்ச் சாப்புடு" என்று விரட்டிவிட்டார். உன் அக்காள் சூசைமேரியோ, "வாய நல்லா வெளக்குங்க, போயிடும்" என்கிறாள். நான் செத்தால் செத்துட்டுப் போறேன் மச்சான். பெத்த பிள்ளைக்குக் கொடுத்துட்டேனே, அதை நினைச்சாத்தான் மனசு ஆறலை.

அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அவளுக்கு வெளியே தெரியறதுக்குள்ள கலியாணத்தை முடிச்சுடணும். கிருஷ்ணகிரி மண்டிக்காரர் யேசுராஜ் தன் மகனுக்கு இவளைக் கேட்டு ரெண்டு வருஷமாச் சொல்லியனுப்பறார். இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிட்டேன். தபசு காலம் வந்துட்டா கலியாணம் கிடையாது, அதுக்கு முன்னாடி கோயில்ல மூணு ஞாயிறும் கலியாண ஓலை வாசிச்சுத் தாலி கட்டியாகணும். நீ காலேஜுக்குப் போய் அவள் பேரை எடுத்துடு. "இன்னும் ஒன்னரை வருசம்தானேப்பா" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

உனக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர். என் ஆத்துமத்துக்காக ஒரு பூசைக்குச் சொல்லி வை.

இப்படிக்கு, இருக்கும்வரை உன் அன்புள்ள,
அருள்ஜோசப்

பி.கு. ஞாயிறு சாயங்காலம். பயத்தில் இதைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், நல்லதாயிற்று. காலேஜில் பேரை எடுக்காதே! யேசுராஜ் மகனோடு வந்தார். மறைத்துக் கட்டிக்கொடுக்க மனசு வராமல் புள்ளி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "எங்க வம்சத்துல அந்த மாதிரி எதுவும் கெடையாது" என்று மீசையைத் தடவினார். அற்புதமேரி எழுந்து போய்த் தீக்குச்சியை எடுத்து வந்தாள். அவருக்கும் புள்ளி, எல்லாவற்றிலும்! மனுஷன் காப்பியைக்கூடத் தொடாமல் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அவர் தலை மறைந்த பிறகுதான் வெங்காயத் தோலில் சாயம் விட்டுக் காட்டினாள். அதிலும் புள்ளி. உன் அக்காளுக்கும் புள்ளி, வண்டியோட்டி சென்னகிருஷ்ணனுக்கும் புள்ளி. எல்லாருக்கும் உண்டாம், சாயம் விட்டால்தான் தெளிவாகத் தெரியுமாம். "இத மொதல்லயே காட்டியிருக்கலாம் இல்லம்மா?" என்றேன். "காட்ட வந்தேன், நீங்கதான் கண்ண மூடிக்கிட்டு செபமாலை சொன்னீங்க" என்றாள். "யேசுராஜுக்காவது சொல்லியிருக்கலாமே?" என்றால், "அவரு கேக்கலையேப்பா" என்கிறாள். அவருக்கு உடனே ஒரு கார்டு போடலாம் என்றேன், உன் அக்காள் இரண்டு மாசம் போகட்டும் என்கிறாள். மூன்று வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றேன். பிள்ளை நாளைக் காலை பஸ்ஸில் படிக்க வருகிறாள். அவளுக்குள் பாதி நான் கொடுத்தது என்பதை இப்போது பயமில்லாமல் நம்புகிறேன் மச்சான். ஆனால் இன்றைக்கு வேலை செய்த பாதி உன் அக்காளுடையதுதான்.