லேத் அண்ணன் காத்திருந்த காற்று

ஒரே ஒரு இட்லிக்காக டாக்டரிடம் பொய் சொன்னவன் நான். அதுவும் எப்பேர்ப்பட்ட பொய்! பிரியாத காற்றைப் பிரிந்துவிட்டதாகச் சொன்னேன்.

பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். குடல் மறுபடி வேலை செய்கிறது என்பதற்கு அந்தக் காற்றுதான் அத்தாட்சி. அதுவரை வாயில் பருக்கை படக் கூடாது. தாம்பரத்து ஆஸ்பத்திரி வார்டில், கேன்டீன் சாம்பார் வாசனை ஜன்னல் வழியே வரும் படுக்கையில் கிடப்பவனிடம் நேர்மையை எதிர்பார்ப்பது மனிதாபிமானமல்ல.

"டாக்டர், சார் போங்கு அடிக்கிறாரு. நானும் காது குடுத்துகினுதான் கீறேன். ஒரு சவுண்டு இல்ல," என்றது பக்கத்துப் படுக்கை. இட்லி போயிற்று.

அவர்தான் லேத் அண்ணன். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை. மனித உடம்பை இவ்வளவு மரியாதையில்லாமலும் இவ்வளவு அக்கறையோடும் பார்த்தவர் தென்சென்னையில் வேறு யாரும் கிடையாது. அவருக்கு இரைப்பையில் புற்றுநோய். பெரும்பகுதியை எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு இணைத்திருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன் மற்றவர்கள் குலதெய்வத்தைக் கூப்பிடுவார்கள். இவர் சர்ஜனைக் கூப்பிட்டார்.

"ஜாயின்ட் போட்டா கியாரண்டி எத்தினி வருசம் டாக்டர்?"

சர்ஜன் சிரிக்கவில்லை. "கட்டியோட சேர்த்து எடுக்கற நெறிக்கட்டி ரிப்போர்ட் வரட்டும். அஞ்சு வருஷம் திரும்ப வராம இருந்தா நீங்களும் நானும் நிம்மதியா இருக்கலாம்."

"அப்ப வருசா வருசம் சர்வீசுக்கு வந்துடறேன்."

ஆபரேஷன் முடிந்து எழுந்ததும் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு அவரே ரவுண்ட்ஸ் கிளம்பினார். "இன்னா பெரியவரே, ட்ரையல் ஓடிச்சா?" கூடுவாஞ்சேரியில் மனை விற்பவர் ஒருவர், கோடிக்குக் குறைந்து பேசாதவர், போர்வைக்குள்ளிருந்து வெட்கத்தோடு கட்டைவிரலைக் காட்டினார். ஒரு மதியம் எனக்கும் வந்தது. அண்ணன் தலைமையில் வார்டே கை தட்டியது. என் முதல் கதை அச்சானபோதுகூட அப்படி யாரும் தட்டவில்லை.

அவருக்கு மட்டும் வரவில்லை. வயிறு உப்பியது. பேச்சு வற்றியது. "நாளைக்கும் இப்படியே இருந்தா மறுபடி திறந்து பார்க்கணும்," என்று சர்ஜன் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் கூரையையே பார்த்தார். "பிரிச்சு மாட்டின மிஷினைத் திரும்பப் பிரிச்சா, பழையபடி ஓடாது சார்," என்றார்.

மறுநாள் காலை சர்ஜன் அவர் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குனிந்தார். பின்னால் மாணவர் கூட்டம் பரம பவ்யமாக நின்றது. அப்போது வந்தது. ஸ்டெதாஸ்கோப் தேவைப்படவில்லை. முதலில் கை தட்டியவர் சர்ஜன்தான். தையல் வலிக்க வலிக்க நானும் தட்டினேன். கண் கலங்கியதற்குத் தையலையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

வராந்தாவில் அண்ணனின் மனைவி சுவரைப் பார்த்தபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி பயமில்லை என்று சொல்லப் போனேன்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த மனுசன் பக்கத்துல மூக்கப் பொத்திகினுதான் சார் படுத்துகினு கீறேன்," என்றார் அவர். "இதுக்குப் போயி முருகனுக்கு மொட்டை வேண்டிக்கினேன் பாருங்க."