அபெனிசாவுக்கு வாய்த்த தங்கை

"பாஸ், அந்தப் புதினா மிட்டாயை இப்படிக் குடுங்க. புதன்கிழமை பட்டது போதாதா?"

வண்டியை ஓட்டிக்கொண்டே விலிமைனா கையை நீட்டினாள். அபெனிசா வாய்க்குக் கொண்டுபோன மிட்டாயை அவளிடம் கொடுத்துவிட்டு, நௌசோரி பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

தண்ணீர்த் தொட்டி விற்பதில் அவரை மிஞ்ச தலைநகர் சுவாவிலேயே ஆள் கிடையாது. அதனால்தான் விலிமைனா உட்பட ஆறு விற்பனையாளர்களுக்குத் தலைவராக்கினார்கள். அங்கே பிடித்தது சனி. தலைவர் என்றால் அவர்களோடு கூடப் போக வேண்டும், ஓரமாக உட்கார்ந்து கவனிக்க வேண்டும், வெளியே வந்த பிறகு சொல்லிக் கொடுக்க வேண்டும். அபெனிசாவுக்கோ, அவர்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு அரிக்கும். தானே பேசி, தானே விற்று, தானே கையெழுத்தும் வாங்கிவிடுவார். கூடப் போனவர்கள் டீ குடித்துவிட்டு வருவார்கள்.

திங்கட்கிழமை மேலதிகாரி லோசலினி கூப்பிட்டு அனுப்பினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க ஆளு ஒருத்தராவது, நீங்க வாயைத் திறக்காம, ஒரு தொட்டி விக்கணும். நானே போன் போட்டு அந்த வீட்டுல விசாரிப்பேன். நீங்க ஒரு வார்த்தை பேசினதா தெரிஞ்சாலும் மறுபடி கிடங்குதான்."

கிடங்கிலிருந்து மேலே வர அவருக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மனைவி சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வேறு வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வாசலோரம் நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தார். யாரோ வீட்டை அளக்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்து அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டாள். புதன்கிழமை வாயை அடைக்க மிட்டாய் போட்டார். பேச்சு முட்டிக்கொண்டு வந்ததில் மிட்டாய் தொண்டையில் சிக்கி, வீட்டிலிருந்த நாலு பேரும் முதுகில் குத்தினார்கள். வியாழக்கிழமை வண்டியிலேயே இருந்துவிட்டார். விலிமைனா விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பொறுக்க முடியாமல் ஹாரனை அழுத்தினார். அப்போதுதான் தூங்கிய இரட்டைக் குழந்தைகள் அலற, தாய்க்காரி துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

இன்று வெள்ளி.

"இன்னிக்கு யார் வீடு?"

"ரூத்துன்னு ஒரு அம்மா. பாஸ்... உங்க அம்மா கந்தாவு தீவுதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப இவங்க உங்களுக்குத் தங்கச்சி முறை ஆகுது. உங்க அம்மாவோட சித்தி பொண்ணு இருக்காங்கல்ல, அவங்க பொண்ணு."

அபெனிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நம்ம வழக்கத்துல தங்கச்சி முறைன்னா முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாதே!"

"அதான் முன்கூட்டியே சொல்றேன்."

"தப்பித் தவறிப் பேசிட்டா?"

"பன்னியும் திமிங்கலப் பல்லும் எடுத்துட்டுப் போய் ஊரு முன்னாடி மன்னிப்பு கேக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

அபெனிசா சுவாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அம்மா ஊரில் யார் என்ன முறை என்பது அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "ரூத்தா... தெரியும், தெரியும்" என்று தலையாட்டி வைத்தார்.

கொல்லையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ரூத்தின் கணவன் மனோவா கையசைத்தான். ரூத் பாய் விரித்தாள். அபெனிசா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"சார் ஏன் செவுத்தைப் பார்த்து உக்காந்திருக்காரு?"

"அவரு ரொம்ப மரியாதைக்காரரு" என்றாள் விலிமைனா.

ரூத் நேராக அவரிடமே கேட்டாள். "சார், இந்தத் தொட்டியில பாசி பிடிக்குமா?"

பாசி! பாசியைப் பற்றி மட்டும் அபெனிசா இருபது நிமிஷம் பேசுவார். பற்களைக் கடித்துக்கொண்டார். முறை தெரியாமல் வளர்ந்த பெண் போலிருக்கிறது என்று நொந்துகொண்டு பாயின் பின்னலை எண்ண ஆரம்பித்தார்.

"பாவம், உடம்பு முடியலை போல." ரூத் எலுமிச்சை இலை டீ போட்டு வந்து கோப்பையை அவர் கையிலேயே கொடுத்தாள். தங்கை கையால் நேராக! அவர் பதறியதில் டீ முழுக்க விலைப்பட்டியலின் மேல் கொட்டியது.

விலிமைனா அசரவில்லை. "உள்பக்கம் கறுப்பு, வெயில் போகாது, பாசி வராது. அது இருக்கட்டும். தண்ணி வராத அன்னிக்கு என்ன பண்றீங்க?"

ரூத் பேச ஆரம்பித்தாள். வாளி தூக்கித் தூக்கி இடுப்பு போனது, பக்கத்து வீட்டில் போய் நிற்கும்போது கூசிப்போவது, ஒரு நாள் அவர்கள் கதவைத் திறக்காமலே இருந்தது. அரை மணி நேரம் பேசினாள். அபெனிசாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு தொட்டி வாங்குகிறவளிடம் இவ்வளவு பேச்சு இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

விலிமைனா விலையைச் சொன்னாள். பிறகு சும்மா இருந்தாள்.

ஒரு நிமிஷம் போயிற்று. ரெண்டு நிமிஷம். அபெனிசா இடுப்பில் வேட்டி போலச் சுற்றியிருந்த சுலுவின் நுனியை வாயில் திணித்துக்கொண்டார்.

"பெரிய தொட்டியே குடுத்துடும்மா" என்றாள் ரூத்.

வெளியே வந்து வண்டியில் சாய்ந்ததும் அபெனிசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது. லோசலினிக்குச் சேதி சொன்னார். பத்து நிமிஷத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"அவரு வாயே திறக்கலைன்னாங்க. நம்ம அபெனிசாவைத்தான் சொல்றீங்களான்னு ரெண்டு தடவை கேட்டேன். நாற்காலி உங்களுக்குத்தான், போங்க."

"நீ பொழைச்சுக்குவே, விலிமைனா!" என்றார் அபெனிசா. "திங்கட்கிழமை எத்தனை வீடு?"

அவள் பட்டியலைப் புரட்டினாள். "மூணு, பாஸ். பார்த்தா... மூணு பேருமே உங்களுக்குத் தங்கச்சி முறைதான் வருது."

"எங்க அம்மா வம்சம் ரொம்பப் பெரிசு" என்றார் பெருமையாக.

"சார், தொப்பியை விட்டுட்டீங்க!" என்று மனோவா ஓடி வந்தான்.

மணிக்கணக்காக அடைபட்டிருந்த பேச்சு அபெனிசாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மனோவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மச்சான்! என் தங்கச்சியை நல்லா பார்த்துக்குங்க. கந்தாவுல இருக்கிற சொந்தக்காரங்களை எல்லாம் நான் விசாரிச்சதா அவகிட்ட சொல்லுங்க!"

விலிமைனா அவசரமாக வண்டியைக் கிளப்பினாள்.

மனோவா தொப்பியை நீட்டியபடி விழித்தான். "தங்கச்சியா? அவ சாலமன் தீவுக்காரி, சார். இந்த நாட்டுல என்னை விட்டா அவளுக்கு வேற சொந்தமே கிடையாது."