மாவு மில்லில் சர்க்குலர் வாசித்தவர்

கம்பம் பள்ளத்தாக்கில் ஆட்கள் ஓடி ஒளிவது இரண்டுக்குத்தான். ஒன்று, மலையிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்கும் யானை. இன்னொன்று, மொபெட்டில் வரும் சர்க்குலர். யானையாவது நாம் வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திவிட்டால் திரும்பிப் போய்விடும். சர்க்குலர் வாசலில் மொபெட்டை நிறுத்தி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாம் வெளியே வரும்வரை நின்றுகொண்டிருப்பார்.

அவர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பெற்றவர்கள் வைத்த பெயர் பாலிசிப் பத்திரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்தவர் யாருமில்லை. தேனியிலிருந்து கூடலூர் வரை எல்லோருக்கும் அவர் சர்க்குலர்தான்.

கம்பெனியிலிருந்து ஏஜென்டுகளுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். இந்த விதி மாறியிருக்கிறது, அந்தப் படிவம் புதிதாக வந்திருக்கிறது, இதை உங்கள் வாடிக்கையாளர்களுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று இருக்கும். அதுதான் சர்க்குலர். மற்ற ஏஜென்டுகள் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவார்கள். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவுக்கும் யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகைக்கும் நடுவில் அது திறக்கப்படாமல் கிடக்கும்.

நம் ஆளுக்கு அது ஆகாது. "பத்திரிகய அனுப்பிவிட்டா பந்தியில சாப்பிட்ட மாதிரி ஆயிருமா?" என்று கேட்பார்.

முதலில் அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுப்பார். அது இங்கிலீஷில் இருக்கும். எடுத்துக்கொண்டு நேராகக் கிளை மேனேஜரிடம் போவார். "சார், எங்க மில்லுக்காரருக்குப் புரியிற மாதிரி இத எனக்குச் சொல்லுங்க" என்று எதிரில் உட்கார்ந்துவிடுவார். மேனேஜர் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் எழுந்திருக்க மாட்டார். ஒருநாள் மேனேஜர் தாங்க முடியாமல், "மாடியில மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாராம். அந்த ஆபீஸுக்கு மாடியே கிடையாது.

புரிந்ததைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு சர்க்குலர் மொபெட்டைக் கிளப்புவார். ஒவ்வொரு வாடிக்கையாளரையும் அவரவர் இருக்கும் இடத்திலேயே போய்ப் பிடிப்பார். நின்றுகொண்டுதான் வாசிப்பார். வாசித்து முடித்ததும், "எங்க, இப்ப நீ எனக்குச் சொல்லு" என்பார். அங்கேதான் ஆட்கள் மாட்டிக்கொள்வார்கள். "சரிண்ணே, புரிஞ்சிருச்சு" என்று யாரும் தப்ப முடியாது. அவர் வாசித்த வார்த்தையையே திருப்பிச் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். "அது என் வார்த்த. ஒன் வார்த்தயில சொல்லு" என்பார். பாதிச் சவரத்தில் இருந்தவர் சோப்பு நுரையோடு சொல்லியிருக்கிறார். போடியில் ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்தில் சம்பந்தியை வரவேற்றுக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

வீரபாண்டித் திருவிழாவில் நடந்தது இன்றும் பேச்சாக இருக்கிறது. சின்னமனூர் வாழைக்காய் வியாபாரி ஒருவர் இரண்டு மாதமாகச் சர்க்குலருக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தார். திருவிழாவில் வியாபாரி தீச்சட்டி எடுத்தார். கையில் தீச்சட்டியோடு எங்கே ஓடுவது? சர்க்குலர் பக்கத்திலேயே நடந்து, வேப்பிலைக்கும் கொட்டுச் சத்தத்துக்கும் நடுவில் நோட்டைப் பிரித்தார்.

"நாமினி பேரு இல்லாத பாலிசிக்கெல்லாம் பேரு சேக்கச் சொல்லிட்டாக. எங்க, சொல்லுங்க."

"அண்ணே, சட்டி சுடுதுண்ணே!"

"சொல்லிட்டாச் சுடாது. சொல்லுங்க."

வியாபாரி வெறுத்துப்போய், கோயில் வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "நாமினி பேரச் சேருங்க! பேரச் சேருங்க! நாளைக்குன்னு தள்ளிப் போடாதீக!" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் ஆத்தாளே இறங்கிச் சொல்கிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் சர்க்குலர் வீட்டு வாசலில் பாலிசிப் பத்திரத்தோடு பதினோரு பேர் நின்றார்கள். அதில் நாலு பேர் வேறு ஏஜென்டிடம் பாலிசி எடுத்தவர்கள். அவர்களுக்கும் பெயர் சேர்த்துக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

நான் பழனிசெட்டிபட்டியில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோனது. புது ஆள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. மெஷின் ஓடினால் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதாலேயே இந்தத் தொழில் எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் குடும்பத்துக்கு மருத்துவ பாலிசி போட அவர் வந்த அன்று, ஒரு தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து என் மனைவி செல்வியிடம் கேட்டார்.

"தங்கச்சி, பொறந்ததுல இருந்து என்னென்ன சீக்கு வந்திருக்கு? ஒண்ணு விடாமச் சொல்லு."

செல்வி என்னைப் போல இல்லை. கேட்டால் சொல்வாள். அம்மை, மஞ்சள்காமாலை, பல் பிடுங்கியது, ஏழு வயதில் மாட்டுத்தொழுவத்தில் தேள் கொட்டியது வரை எல்லாம் சொன்னாள். படிவத்தில் அதற்கு மூன்று வரிதான் இடம் இருந்தது. சர்க்குலர் தனியாக இரண்டு தாள் எழுதி ஒட்டினார். கம்பெனியிலிருந்து போன் போட்டு, "தேள் கொட்டியதெல்லாம் தேவையில்லை ஐயா" என்றார்களாம். "தேவையா இல்லையாங்கிறத நீங்க பாத்துக்கங்க. நடந்துச்சா இல்லையாங்கிறத நாங்க சொல்லிருவோம்" என்றாராம் இவர்.

அந்தத் தாளில் ஒரு கல்லும் இருந்தது. செல்விக்கு அப்போதே ஸ்கேனில் பித்தப்பையில் சின்னதாக ஒரு கல் தெரிந்திருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மச்சான் பக்கத்தில் இருந்தவன், "மாமா, கல்ல மட்டும் எழுத விடாதீக. யாருக்குத் தெரியப் போகுது?" என்று என் காதில் சொன்னான். சர்க்குலருக்குப் பாம்புக் காது.

"ஏலே, கல்லு வயித்துல இருக்கு. காயிதத்துல எழுதாட்டி கரைஞ்சிருமா? எழுதுனா அதுக்கு மட்டும் நாலு வருசம் பொறுக்கணும். மறைச்சா எதுக்குமே கேக்க முடியாமப் போயிரும்."

எழுதிவிட்டார். அதன்பிறகு செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைச் சொல்லவும் வாய் திறக்க வேண்டுமே.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் மில்லுக்குள் வந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேழ்வரகும் கம்பும் தூக்கிக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மெஷினை நிறுத்தச் சொல்ல மாட்டார். அது பிழைப்பு. அதைவிடச் சத்தமாக வாசிப்பார்.

"ராசு, நல்லாக் கேட்டுக்க! முன்னமே இருக்குற நோய்க்கு நாலு வருசம் பொறுக்கணும்னு இருந்துச்சுல்ல? அத மூணு வருசமாக் கொறச்சுட்டாக! பழைய பாலிசிக்கும் இது உண்டு! வருசா வருசம் விடாமப் புதுப்பிச்சிருக்கணும், அம்புட்டுத்தான்! எங்க, சொல்லு!"

நான் மெஷினைக் கைகாட்டினேன்.

"மிசினு சொல்லாது, நீ சொல்லு!"

பெண்கள் சிரித்தார்கள். என் காது சூடேறியது. வேறு வழியில்லாமல், "நாலு சுத்து அரைக்கணும்னு சொன்ன தானியம் இனிமே மூணு சுத்துலயே மாவாயிரும்! பழைய மூட்டையா இருந்தாலும் சரி!" என்று கத்தினேன்.

"அப்படிப் போடு! கேக்கல, இன்னொருக்கச் சொல்லு!"

மறுபடியும் கத்தினேன். வரிசையில் நின்ற ஒரு அக்கா பதறிப்போய், "ஏப்பா ராசு, எங்க கம்ப மூணு சுத்துல எடுத்துராதப்பா, நறநறன்னு கெடக்கும்!" என்றார். அந்த அக்காவுக்கும் உட்கார வைத்து விளக்கிவிட்டுத்தான் சர்க்குலர் போனார்.

பாலிசி எடுத்து மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆனபோது செல்விக்கு வலி வந்தது. இந்தமுறை உட்கார்ந்தால் போகிற வலி இல்லை. தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பித்தப்பை வீங்கியிருக்கிறது, நாளையே ஆபரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உள்ளேயே சீழ் வைத்துவிடும் என்றார் டாக்டர். இன்சூரன்ஸ் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"அண்ணா, கல்லு முன்னாடியே இருக்குன்னு எழுதியிருக்கீங்களே. இதுக்கு நாலு வருசம் முடியணும். இன்னும் பத்து மாசம் இருக்கு. கம்பெனிக்கு அனுப்பினாலும் பணம் வராது. ஏண்ணா எழுதுனீங்க?"

மூணுதான் என்பது நாக்கு நுனி வரை வந்தது; புது ஆள் முன்னால் வாய் திறக்காமல் வார்டுக்குத் திரும்பி வந்தேன். இன்னும் பத்து மாதம் இருக்கிறதாம் என்று செல்வியிடம் சொன்னேன்.

"பத்து மாசந்தான? பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துர்றேன். மிசின வித்துராதீக" என்றாள். சொல்லும்போதே உதடு வெளுத்துக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சர்க்குலருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போட்டேன். "காலையில மேகமலை பஸ்ஸுல ஏறிட்டாகளே. எஸ்டேட்டுல யாருக்கோ ஏதோ வாசிக்கணுமாம். அங்கன சிக்னல் கெடைக்காதே" என்றார் அவர் மனைவி.

நான் படியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இறங்கி மறுபடியும் அந்தக் கவுண்டர் முன்னால் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஐந்தாறு பேர். என் முறை வந்ததும் வாயைத் திறந்தேன். அந்த விஷயத்தை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் சொல்லியிருந்தேன், அதுவும் மெஷினுக்கு மேல் கத்தி. எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சத்தத்திலேயே வந்துவிட்டது.

"நாலு வருசம் இல்ல தாயி! மூணுதான்! கொறச்சுட்டாக! பழைய பாலிசிக்கும் உண்டு! நான் வருசா வருசம் விடாமப் புதுப்பிச்சிருக்கேன்!"

மருந்துக் கடையில் சீட்டு நீட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். அந்தப் பெண் மிரண்டுபோய், "அண்ணா, மெதுவாச் சொன்னாலே கேக்கும்ணா" என்றது.

மெதுவாகச் சொன்னால் எனக்கு மறந்துவிடும் என்று பயமாக இருந்தது. "நாலு சுத்துத் தானியம் மூணு சுத்துல மாவாகும் தாயி!" என்று அதையும் சேர்த்துக் கத்தினேன்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "அவரு சொல்றதப் பாருமா. இம்புட்டுச் சத்தமா யாரும் பொய் சொல்ல மாட்டாக" என்றார்.

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு அதிகாரியைக் கூட்டி வந்தது. அவர் எதையோ தேடிப் படித்தார், யாருக்கோ போன் பேசினார், மறுபடியும் படித்தார். "இவர் சொல்றது சரிதாம்மா, அனுப்பு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க ஏஜென்டா?"

"இல்லங்க. மாவு மில்லு."

ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் வரிசையில் நின்ற மூன்று பேர் என்னிடம் தங்கள் பாலிசியைக் காட்டிச் சந்தேகம் கேட்டார்கள். அந்த நாளை நினைத்தால் இன்றும் என் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மேகமலையில் தங்கிவிட்டு முதல் பஸ்ஸில் இறங்கிய சர்க்குலர், விவரம் கேட்டு நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததில் தலை கலைந்திருந்தது.

"நீயா பேசுன? நீயேவா?"

"ஆமாண்ணே."

"எங்க, சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றும் விடுபடவில்லை. வராந்தாவில் போன ஒரு நர்ஸை நிறுத்தி, "இவரு என் கஸ்டமரு" என்றார். வாட்ச்மேனிடமும் சொன்னார். வாட்ச்மேன், "தெரியும் சார், நேத்தே கேட்டுச்சு" என்றார்.

அவரை வார்டுக்குள் கூட்டிப் போனேன். செல்வி மயக்கம் தெளியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அவளையே பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எல்லாரும் எழுத வேணாம்னாக. நான் எழுதிட்டேன். தங்கச்சிக்கு வலின்னு கேள்விப்பட்டா ஒன் மில்லு இருக்குற தெருவுலயே வர மாட்டேன் ராசு. சுத்திப் போயிருவேன். இந்தக் கல்ல நெனச்சு மூணு வருசமா எனக்குச் சரியாச் சோறு எறங்கல."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

மத்தியானம் செல்வி கண் விழித்தாள். அவரைப் பார்த்ததும் வறண்ட உதட்டால் முதலில் கேட்டது, "அண்ணே, சாப்பிட்டீகளா?"

ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற மனிதர், சாப்பிட்டதாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அது. நான் இட்லி வாங்கிவரக் கீழே இறங்கினேன்.