ஆணி வச்ச கோட்டு

"குமிழா, பட்டையா, கூம்பா? வெரசாச் சொல்லு தம்பி, லுகர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிருவாக" என்றார் நெய்னா முகம்மது.

பரமக்குடியில் பையும் பெல்ட்டும் தைக்கிற கடை அவருடையது. எதிரே உட்கார்ந்திருந்த தனுஷ்கோடிக்கு மூன்று வகை அலங்கார ஆணியுமே வேண்டியிருந்தது. அவன் மடியில் சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த முழங்கால் நீள ஜீன்ஸ் கோட்டு. ஞாயிற்றுக்கிழமை சாயல்குடியில் ராக்கப்பன் ஆட்டக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு தடவை போய்த் திரும்பியாயிற்று. "ஆட்டம் பரவால்ல. ஆளப் பாத்தாத்தேன் கோயில்ல பொங்கச்சோறு வாங்க வந்தவன் மாதிரி இருக்கு" என்று ராக்கப்பன் வாய்கூசாமல் சொல்லியிருந்தார்.

மூன்றாவது தடவையும் போச்சென்றால் அய்யா கூத்தையாவோடு கடலுக்குப் போயாக வேண்டும். தனுஷ்கோடிக்கு அலையைப் பார்த்தாலே குமட்டும். மாரியூரில் இப்படியும் ஒரு மீனவர் மகன்!

"தோளுக்குக் கூம்பு, நெஞ்சுக்குக் குமிழு, கையிக்குப் பட்ட" என்றான்.

"பித்தளையில எடுத்துக்க. நீ கடக்கரைக்காரன். இது இரும்பு, மேல வெறும் மினுக்கு. உப்புக்காத்துக்குத் தாங்காது."

"பித்தள குத்துவெளக்கு மாதிரியில்ல இருக்கு பாய். எனக்கு அந்த மினுக்குத்தேன் வேணும்."

கேட்கிற காதாக இருந்தால்தானே. அறுபது ஆணிகளைப் பதித்துக் கொடுத்துவிட்டு அவர் தொழப் போனார்.

வீட்டில் ஆத்தா உலகம்மாள் கோட்டைப் பார்த்து மோவாயில் கை வைத்தாள். "ஏலே, ராமநாதவரத்துல முள்ளுக்கா பஞ்சம்? கருவக்காட்டுல ஒருதரம் உருண்டு எந்திரிச்சா ஓசியிலயே குத்தியிருக்குமே!"

கோட்டை அலசிக் கொடியில் போட்டான். இரண்டு நாள் கடல்காற்று அதை நன்றாகக் கவனித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பார்த்தால் ஒவ்வொரு ஆணியும் மூக்கு ஒழுகியதுபோல் துருவை ஒழுகவிட்டிருந்தது.

"புளியப் போட்டுத் தேய்யி" என்றாள் ஆத்தா.

தேய்த்தான். துரு போனது. கூடவே மினுக்கும் போனது. புளிக்கறை மட்டும் போகவில்லை. ஆத்திரத்தில் அத்தனை ஆணிகளையும் பிடுங்கி எறிந்தான். கோட்டு சல்லடை ஆயிற்று.

இனி அந்த ஓட்டைகளை அடைக்க ஆணியைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும். அப்போதுதான் கொட்டகையில் கிடந்த அய்யாவின் வலை கண்ணில் பட்டது. அதன் அடிக்கயிறு நெடுக ஈயக்குண்டுகள். ஈயம் நல்ல பிள்ளை, கல்லால் தட்டினால் சொன்னபடி வளையும். அய்யாவுக்கோ கெளுத்தி முள் குத்திக் கால் வீங்கியிருந்தது. ஒரு வாரத்துக்குக் கடல் இல்லை என்று அவரே சொல்லியிருந்தார். ஆட்டம் முடிந்ததும் திரும்பக் கட்டிவிடலாம்.

பாதி வலையின் ஈயத்தை அறுத்தான். குமிழாகத் தட்டினான், கூம்பாகச் சுருட்டினான், வலை நூலால் தைத்தான். மிச்சத்தைக் கோட்டின் கீழ் ஓரத்தில் சுற்றிக் கட்டினான். மேலே மீன்பிடி வள்ளத்துக்கு அடிக்கிற வெள்ளி பெயிண்ட். ஈயம் தகதகத்தது.

ஞாயிறு காலை கொட்டகையில் வலை இல்லை.

"தெக்க முரலு மீனு வந்திருச்சாம். ஒங்கய்யா நொண்டிக்கிட்டே சோணைமுத்து மாமாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு" என்றாள் ஆத்தா.

தனுஷ்கோடி கோட்டை வாரிக்கொண்டு வெளியே ஓடினான். நேரே சாயல்குடி பஸ் ஏறினான். திரும்பிப் போனால் அடி நிச்சயம், முன்னால் போனால் வேலையாவது கிடைக்கலாம்.

மேடையில் அவன் முறை வர மதியமாகிவிட்டது. பாட்டுப் போட்டார்கள். கோட்டின் கனத்தில் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. ராக்கப்பன் கொட்டாவி விட்டார். அவ்வளவுதான், நாளைக்கே வள்ளம்தான் என்று நினைத்தபோது கூட்டத்தின் பின்னால் அய்யா நொண்டி நொண்டி வருவது தெரிந்தது. கூடவே அவரோடு கடலுக்குப் போன சோணைமுத்து. அய்யா கையில் ஒரு சாக்கு. உள்ளே இருப்பது சவுக்குக்கட்டைதான் என்பதில் தனுஷ்கோடிக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

இடப்பக்கம் பாய்ந்தான். அய்யாவும் இடப்பக்கம் வந்தார். வலப்பக்கம் பாய்ந்தான். சோணைமுத்து நின்றார். சட்டென்று திரும்பியதில் கோட்டின் ஓரத்து ஈயம் அவனை இழுத்தது. கோட்டு குடையாக விரிந்தது. அவன் சுற்றினான், சுற்றினான், நிற்க நினைத்தும் ஈயம் விடாமல் சுற்றினான். வெயிலில் வெள்ளி வட்டமாக மின்னியது. கூட்டம் விசிலடித்தது. கடைசியில் முழங்கால் மடிந்து மேடை நடுவில் விழுந்தான். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ராக்கப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தாருய்யா ஆளு! தம்பி, நாளைக்கே பரமக்குடிக்கு வந்துரு. அந்தக் கோட்ட மட்டும் மறந்துறாத!"

தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷத்தை அவன் அனுபவித்ததில்லை. அதை அனுபவிக்கத்தான் நேரமில்லை. மேடைக்குப் பின்னால் குதித்து ஓடினான். சோணைமுத்து குறுக்கே வந்து கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அய்யாகிட்ட நீங்கதேன் சொல்லணும். ஈயத்த இன்னைக்கே திருப்பிக் கட்டிர்றேன், சத்தியமா!"

"அடக் கிறுக்குப் பயலே! ஈயமில்லாத பக்கம் வல முங்காம மெதந்துச்சு, மேலாக்க ஓடுன முரலு அம்புட்டும் அங்கனதேன் மாட்டுச்சு. ஒங்கய்யா மிச்ச ஈயத்தையும் அறுத்துச் சாக்குல கட்டிக் கொண்டாந்திருக்காரு, அத நீ பேண்டுலயும் வச்சுத் தச்சுக்கிறணுமாம்!"